பனியில் காய்ந்த மருந்து

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் ஒரு பையனுக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தி, பெரியம்மையைத் தடுக்க முடியும் என்று காட்டிய வருஷம் 1796. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி பதிவானது 1975 மே மாதம். இடையில் 179 வருஷம்! மருந்து கையிலேயே இருந்தும் இந்த நாடு ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தது?

யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான். நம் ஜனங்களுக்கு அறியாமை, ஊசி என்றால் பயம், அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பயம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இன்றைக்கும் சின்னம்மை வந்தால் "ஆத்தா வந்திருக்கா" என்றுதான் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். திருக்குறளில் ஊறிய எல்லிஸ் துரை சென்னையில் கலெக்டராக இருந்தபோது, ஜனங்களை அம்மைப்பால் குத்திக்கொள்ள வைப்பதற்காகப் புராணம் மாதிரியே ஒரு கதை எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தைப் பற்றி எழுதினவர்கள் நிறைய. வெயிலைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை வெயிலையும், அதை ஜெயித்த ஃப்ரீஸ் ட்ரையிங் என்கிற தொழில்நுட்பத்தையும், அது தமிழ்நாட்டில் வேர் பிடித்த கிண்டியையும் பற்றியது. நான் பி.காம். மாணவன், விஞ்ஞானி இல்லை. அதனால் நடுவில் கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

அம்மைப்பாலில் இருப்பது உயிருள்ள வைரஸ். செத்துப்போனால் அது மருந்து இல்லை, வெறும் அழுக்குத் தண்ணீர். வெயில் பட்டால் அது சாகும். ஜென்னர் காலத்திலேயே இது தெரிந்துவிட்டது. நூலில் நனைத்துக் காயவைத்தும், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தும் கப்பலில் அனுப்பிப் பார்த்தார்கள். இந்தியா வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் செத்துவிட்டது. கடைசியில் கண்டுபிடித்த வழி கொஞ்சம் கொடுமையானது. ஒரு குழந்தைக்குக் குத்தி, அந்தக் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்கு, அங்கிருந்து அடுத்த குழந்தைக்கு. இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1802 ஜூன் மாதம் அங்கே அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியதுதான் இந்தியாவின் முதல் வெற்றி. அதே வருஷம் சென்னைக்கும் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்து 'ஐஸ் பெட்டி' குழந்தைகளின் உடம்புதான்.

பிறகு கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து, சுரண்டி எடுத்து, கிளிசரினில் கலந்து வைக்கும் முறை வந்தது. சென்னை மாகாணத்தில் சானிட்டரி கமிஷனராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் என்ற ராணுவ டாக்டர், இந்த ஊர் வெயிலுக்குத் தாங்கட்டும் என்று ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பில் அம்மைப்பாலைக் குழைத்துப் பார்த்தார். அவர் பெயரில் 1899ல் கிண்டியில் தொடங்கியதுதான் கிங் இன்ஸ்டிடியூட். இன்றைக்கும் இருக்கிறது. அது தொடங்கியதே அம்மைப்பால் தயாரிக்கத்தான்.

கிண்டியில் தயாரிக்கும்போது மருந்து நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து அம்மை குத்துகிறவரின் சைக்கிள். ஐஸ் உருகிய பிறகு எங்கள் சிவகங்கைச் சீமை மாதிரி ஒரு சித்திரை மாதத்தில் திரவ மருந்து சில நாளில் வலுவிழந்துவிடும்.

இங்கேதான் என் பாடப்புத்தகம் வருகிறது. ப்ராசஸ் காஸ்டிங் படித்தவர்களுக்கு நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் தெரியும். நூறு கிலோ உள்ளே போய் தொண்ணூறு வெளியே வந்தால் பத்து கிலோ எங்கே என்று கணக்கில் காட்டியாக வேண்டும். ஆனால் அம்மைப்பாலில்? நூறு குப்பி கிளம்பியது, நூறு குப்பி வந்து சேர்ந்தது. உடையவில்லை, சிந்தவில்லை. லெட்ஜரில் நஷ்டம் பூஜ்யம். நூறு குப்பியையும் ஊரில் குத்தியாகிவிட்டது, இத்தனை பேருக்குப் போட்டோம் என்று அறிக்கையும் போய்விட்டது. உள்ளே இருந்த வைரஸ் வழியிலேயே செத்தது எந்தப் புத்தகத்திலும் ஏறாது. செத்த மருந்துக்கும் உயிருள்ள மருந்துக்கும் பார்வையில் வித்தியாசமும் கிடையாது.

அந்த நஷ்டத்தைச் சுமந்தது யார்? குத்திக்கொண்டு, இனி பயமில்லை என்று நம்பி, அடுத்த பங்குனியில் பெரியம்மை கண்டவர். ஊர் என்ன பேசியிருக்கும்? "குத்தினதுனாலதான் ஆத்தாவுக்குக் கோபம்" என்றுதானே? அதனால் ஜனங்களின் பயத்தில் ஒரு பங்கு வெயில் உண்டாக்கியது என்பது என் கட்சி. தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம்.

ஈரம் இருந்தால் கெடும், காய்ந்தால் நிற்கும் என்பது கருவாடும் வத்தலும் போடுகிற நமக்குப் புதிதா என்ன? ஆனால் வெயிலில் காயவைத்தால் உயிருள்ள மருந்து செத்துவிடும். சூடு ஏற்றாமல் காயவைக்க வேண்டும். எப்படி? சாமி மாடத்தில் கற்பூர டப்பாவை மூடாமல் வைத்துவிடுங்கள். கட்டி சிறிதாகிக்கொண்டே போகும். உருகாது, ஒழுகாது, நேரே ஆவியாகிவிடும். பனிக்கட்டியையும் அப்படிப் போகவைக்க முடியும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை 4.6க்குக் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் திரவமாக இருக்கவே முடியாது. ஒன்று பனி, இல்லை ஆவி. எனவே மருந்தை முதலில் உறையவைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, மிக லேசாகச் சூடு காட்டினால் பனி அப்படியே ஆவியாகிப் போகும். பனி இருந்த இடமெல்லாம் துளைத்துளையாக, பஞ்சு மாதிரி ஒரு வில்லை குப்பியின் அடியில் மிஞ்சும். அதில் ஒட்டியிருக்கும் மிச்ச ஈரத்தை எடுக்க இன்னொரு கட்டம். கடைசியில் ஒன்றிரண்டு சதவீத ஈரம்தான் இருக்கும். மருந்தோடு சர்க்கரை மாதிரி ஒரு துணைப்பொருளும் சேர்ப்பார்கள். காயும்போது அது மிட்டாய்ப் பாகு போலக் கண்ணாடியாக இறுகி, வைரஸையும் புரதத்தையும் ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் விட்டால் நொடியில் கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும்.

மருந்து உலகத்தில் இதை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது யுத்தம். 1930களில் அமெரிக்காவில் ஃப்ளாஸ்டார்ஃப், மட் இருவரும் ரத்த சீரத்தை இப்படிக் காயவைத்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் காய்ந்த பிளாஸ்மா போர்க்களத்துக்கே போனது. அம்மைப்பாலைப் பொறுத்தவரை நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். ஜாவாவில் பாண்டூங்கில் இருந்த ஓட்டன் என்ற டச்சுக்காரர் 1920களிலேயே வெற்றிடத்தில் காயவைத்த அம்மைப்பாலைச் செய்துவிட்டார். நம்மூர்ச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்க்கொண்டிருந்த அதே காலம்.

ஆனால் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்யத்தக்க முறையைத் தந்தவர் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் லெஸ்லி காலியர். 1950களின் தொடக்கத்தில் அவர் செய்தது கேட்க ரொம்ப சாதாரணம். விலங்குத் தோலின் கசடுகளை நீக்கிச் சுத்தம் செய்து, 5 சதவீத பெப்டோன் சேர்த்து உறை உலர்த்தினார். அந்த மருந்து 45 டிகிரி சூட்டில் இரண்டு வருஷம் கிடந்த பிறகும் வேலை செய்தது. 45 டிகிரி! நம் ஊர் அக்னி நட்சத்திரத்தையே தாண்டிய சூடு. 1955ல் அவர் கட்டுரை வெளியானது. 1958ல் உலக சுகாதார சபையில் சோவியத் பிரதிநிதி ழ்தானோவ், பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, அதற்கு அவருக்குத் தைரியம் தந்ததில் இந்த வெயில் தாங்கும் மருந்துக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962ல் ஆரம்பம். முதலில் ஊர்களுக்குப் போனது பெரும்பாலும் பழைய திரவ மருந்துதான். பிறகு சோவியத் யூனியன் கோடிக்கணக்கில் உலர் மருந்தை இலவசமாகத் தந்தது. கூடவே இங்கேயே தயாரிக்கவும் ஏற்பாடானது. யூனிசெஃப் இயந்திரங்கள் கொடுத்தது. நான்கு இடங்கள்: நைனிதால் பக்கம் பட்வாடாங்கர், ஹைதராபாத், பெல்காம், நம் கிண்டி. கொழுப்பில் குழைத்து வெயிலோடு மல்லுக்கட்டிய கிங் பெயரிலுள்ள அதே இடத்தில் உலர்த்தும் இயந்திரம் வந்து உட்கார்ந்தது.

அதோடு ஒரு சின்ன இரும்புத் துண்டும் சேர்ந்தது. இரண்டு பல் உள்ள ஊசி. கரைத்த மருந்தில் தோய்த்தால் பற்களுக்கு நடுவில் ஒரே ஒரு சொட்டு நிற்கும். பதினைந்து தடவை லேசாகக் குத்தினால் போதும். பழைய முறைக்கு ஆன மருந்தில் கால் பங்கே செலவு. அதற்கு முன்னால் இருந்தது தோலில் வைத்துத் திருகும் பல்சக்கரம். வீட்டில் அப்பத்தா, தாத்தா இருந்தால் கையைக் காட்டச் சொல்லுங்கள், வட்டத் தழும்பு இன்னும் இருக்கும்.

உலர் மருந்து வந்ததும் பெரியம்மை ஓடிவிட்டது என்று எழுதினால் அது பொய். 1974ல்கூட நாட்டில் 1,88,000 பேருக்கு மேல் நோய் கண்டது, பீகாரில்தான் அதிகம். எல்லோருக்கும் குத்து என்பதை விட்டு, நோயாளியைத் தேடிக் கண்டுபிடி, சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் உடனே குத்து என்று உத்தியை மாற்றிய பிறகுதான் முடிவு வந்தது. ஆனால் அந்த உத்திக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நோயாளி வீட்டைச் சுற்றிக் குத்தும் மருந்தில் ஒரு குப்பிகூட செத்ததாக இருக்கக் கூடாது. வேலி போட்டால் ஓட்டை இருக்கக் கூடாது அல்லவா? அந்த நிச்சயத்தை ஊழியரின் தோள்பைக்குக் கொண்டுவந்தது உலர்த்தல். 1980 மே 8 அன்று உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கிண்டியில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1948ல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகம் அங்கே தொடங்கியது. (ராஜாஜி 1955ல் பி.சி.ஜி.யைக் கடுமையாக எதிர்த்துப் பிரசுரமே போட்டார் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.) இதுவும் உயிருள்ள கிருமி. திரவமாக இருந்தபோது சில வாரங்களுக்குள் போட்டு முடிக்க வேண்டும், தேசம் முழுக்க கிண்டியிலிருந்து போய்ச்சேர வேண்டும். ஜப்பானில் ஓபயாஷி என்பவர் சோடியம் குளூட்டமேட் சேர்த்து உலர்த்தும் முறையைக் கண்ட பிறகுதான் பி.சி.ஜி. நிதானமாகப் பயணம் செய்ய முடிந்தது. நம் தலைமுறையின் இடது தோளில் இருக்கும் தழும்பு இந்த உலர் மருந்து போட்டதுதான்.

பி.சி.ஜி. ஆம்பூலை நர்ஸ் உடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தை அறுத்து, ஒரு துண்டு பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டுதான் உடைப்பார்கள். உள்ளே வெற்றிடம். சட்டென்று உடைத்தால் காற்று பாய்ந்து தூளை ஊதிவிடும். பிறகு சலைன் விட்டுக் கரைக்க வேண்டும். கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாளில் கிராமத்தில் இரண்டே குழந்தைகள் வந்தால், பத்து டோஸ் உள்ள ஆம்பூலில் எட்டு வீண். இந்த லாஸ் கணக்கில் வரும், கண்ணுக்குத் தெரியும். எனக்கென்னவோ இந்த நஷ்டம் அந்தப் பழைய நஷ்டத்தைவிட நேர்மையானது என்று தோன்றுகிறது. கரைக்கும் திரவத்தில் தவறு நடந்தால் விளைவு வேறு. 2014ல் சிரியாவில் தட்டம்மை உலர் மருந்தைக் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்துவிட்டு, பதினைந்து குழந்தைகள் இறந்தார்கள்.

இனி கசப்பான பகுதி. 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், இமாசலத்தின் கசௌலி ஆய்வகம் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. சொன்ன காரணம், நல்ல உற்பத்தி நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை. பெரிய சர்ச்சை, உச்ச நீதிமன்ற வழக்கு, ஜாவித் சௌத்ரி குழு எல்லாம் ஆகி, 2010 பிப்ரவரியில் தடை விலகியது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உலர்த்தும்போது குப்பியின் ரப்பர் மூடியை அரைகுறையாகத்தான் செருகி வைப்பார்கள், ஆவி வெளியே போகவேண்டுமே. ஆக, ஆயிரக்கணக்கான குப்பிகள் வாயைத் திறந்துகொண்டு நாள்கணக்கில் உள்ளே நிற்கும். எல்லாம் காய்ந்த பிறகு மேலே உள்ள தட்டு இறங்கி மூடிகளை அழுத்தும். பி.சி.ஜி.யோ உயிருள்ள கிருமி, கடைசியில் வடிகட்டிச் சுத்தம் செய்யவும் முடியாது. அறைக் காற்றில் ஒரு தூசி இருந்தால் அது குப்பிக்குள்தான். எனவே நெறிமுறை என்று கேட்டது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டடம் பழசு என்றால் கட்டடத்தைப் புதுப்பிப்பதுதானே முறை? அறுபது வருஷம் நாட்டுக்கு மருந்து தந்த இடத்தை நிறுத்திவிட்டு அப்புறம் யோசிப்பது எந்த நிர்வாகப் பாடத்தில் இருக்கிறது? ஒரு தொழிற்சாலை நிற்கும்போது இயந்திரத்தின் தேய்மானத்தை எழுதிவைக்கலாம். எந்த மருந்து எந்தத் தட்டில் எவ்வளவு சூட்டில் சரியும் என்று கைப்பழக்கமாகத் தெரிந்த ஆட்கள் ஓய்வுபெற்றுப் போவதற்கு எந்த கணக்கில் பற்று எழுதுவது?

அதற்குப் பதிலாகச் செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய் திட்டமாக ஒரு தடுப்பூசி வளாகம் எழுந்தது. கொரோனா இரண்டாம் அலையில் நாடு தடுப்பூசிக்குத் தவித்தபோது அது ஓடாமல்தான் நின்றது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் கொடுங்கள் என்று கேட்கவேண்டி வந்தது.

இதற்குள் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. முன்பெல்லாம் சமையல் குறிப்பு மாதிரி இத்தனை மணி நேரம், இவ்வளவு சூடு என்று எழுதிவைத்து ஓட்டுவார்கள். அவசரப்பட்டுச் சூடு ஏற்றினால் வில்லை குழைந்து உட்கார்ந்துவிடும், முழு பேட்ச்சும் நஷ்டம். பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினால் கரண்ட் பில். இப்போது உள்ளே இரண்டு அழுத்தமானிகள் வைக்கிறார்கள். ஒன்று நீராவி இருந்தால் கூடுதலாகக் காட்டும் ரகம், மற்றது எதற்கும் ஏமாறாது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கினால் பனி தீர்ந்தது என்று அர்த்தம். என்ன எளிமை பாருங்கள்! இன்னொன்று, சுத்தமான குப்பியில் தண்ணீர் எப்போது உறையும் என்று சொல்லமுடியாது, ஒன்று மைனஸ் ஐந்தில், பக்கத்துக் குப்பி மைனஸ் பன்னிரண்டில். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி எல்லாவற்றையும் ஒரே நொடியில் உறையவைக்கும் வித்தை இப்போது வந்துவிட்டது.

ஃபைசரின் கொரோனா தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் தேவைப்பட்டது நினைவிருக்கும். அதே எம்.ஆர்.என்.ஏ. வகையில் புனேயின் ஜெனோவா நிறுவனம் உலர்த்திய தூளாகச் செய்தது, சாதாரண ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம். 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. கிங் லானோலின் பிசைந்தது எந்தப் பிரச்சினைக்காகவோ, அதேதான் இதுவும்.

எங்கள் கோவிலூர் மாதிரி வயலும் கண்மாயும் உள்ள ஊருக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் அவசரமான உபயோகம் பாம்புக்கடி மருந்து. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்தில். இந்த மருந்தின் கதையில் உலர்த்தல் இரண்டு தடவை வரும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்து, உறை உலர்த்தித் தூளாக மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறது. அவர்கள் அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து, அதையும் உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். விஷமும் தூள், முறிவும் தூள்.

தூளாக இருப்பதால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கரண்ட் போனாலும் அது தாங்குகிறது. ஒரு குப்பிக்கு 10 மில்லி தண்ணீர். முதல் தவணைக்கே பத்து குப்பி வரை தேவைப்படும். ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். அவசரம் என்று குலுக்கக் கூடாது, நுரைத்துப் புரதம் கெடும். உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். புரதம் அடர்த்தியாக இருப்பதால் சட்டென்று கரையாது, நிமிஷக்கணக்கில் ஆகும். கட்டிலில் கடிபட்டவர், பக்கத்தில் வயலிலிருந்து தூக்கிவந்த சொந்தக்காரர்கள், நர்ஸ் கையில் சுழலும் குப்பி. சீக்கிரம் கரையும் வில்லையை எப்படிச் செய்வது என்பதில்தான் இப்போது ஆய்வுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.